தாத்தா பாட்டி கல்யாணத் தேதியைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பள்ளி விடுமுறை விட்டால் போதும், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களுக்குப் பேரப்பிள்ளைகள் நோட்டும் கைப்பேசியுமாக வந்துவிடுகிறார்கள். தாத்தா பாட்டிக்கு எப்போது, எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்தது என்று தெரிய வேண்டும். எழுத்துப்பிழை, கிறுக்கல் கையெழுத்து போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடலாம், அவை போகப் போகச் சரியாகிவிடும். வம்சாவளியையே கோணலாக்கும் தவறுகள் வேறு.

பதிவுத் தேதியைத் தாலி கட்டிய தேதியாக எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அதுவரை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உறவுமுறை பார்க்கத் தாலி கட்டினாலே கல்யாணம் செல்லும். பதிய வேண்டிய கட்டாயம் கிடையாது.

முன்பே முறைப்படி நடந்த கல்யாணங்கள் பதியப்பட்டவையாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தேசியப் பதிவிலாகாவில் பத்திரம் இருக்குமே" என்று கிளம்பிவிடுகிறார்கள். கருதுவது வேறு, காகிதம் இருப்பது வேறு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் யாரும் உட்கார்ந்து பத்திரம் எழுதவில்லை. ஆக, பத்திரம் இல்லை என்ற பதில் வந்தால் கல்யாணமே நடக்கவில்லை என்று பொருளாகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. பழைய தம்பதிகள் விரும்பினால் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளவும் அதே சட்டம் வழி வைத்தது. சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கோ பாஸ்போர்ட்டுக்கோ ஏதோ ஒரு கவுண்டரில் பத்திரம் கேட்ட பிறகு பதிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 1984இல் பதிந்த பத்திரமும் 1957இல் பிறந்த மூத்த மகனும் ஒரே வீட்டில் இருக்க முடிகிறது. பேரன் கணக்குப் போடுகிறான், 27 வருஷம் இடிக்கிறது. உடனே தாத்தாவுக்கு ஒரு முதல் தாரத்தைக் கற்பித்து, மூத்த பிள்ளைகளை அவள் பெயரில் எழுதிவிடுகிறான். சின்னம்மா மகள் அதைப் பார்த்து எழுதுகிறாள், அவளைப் பார்த்து இன்னொருவர். பிறக்கவே பிறக்காத ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள்! இணையத்தில் ஏறிவிட்டால் அவளை இறக்குவது பெரும்பாடு. பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகளில் இது வெறும் கணக்குப் பிழையாக முடிவதில்லை.

நோட்டில் இரண்டு வரி ஒதுக்குங்கள். ஒன்று "பதிவு", மற்றது "தாலி". பத்திரத்தில் உள்ளதை முதல் வரியில் மட்டும் எழுதுங்கள். இரண்டாவது வரி ஆதாரம் கிடைக்கும்வரை காலியாகவே இருக்கட்டும். மூத்த பிள்ளையின் சூராட் பெரானாக்கை (பிறப்புப் பத்திரத்தை) பார்த்தால் ஏறக்குறைய எந்த ஆண்டுக்கு முன் என்று பிடிபடும். உயிரோடிருக்கும் மூத்தவர்தான் முதல் பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். "எத்தனை பிள்ளைங்க பாட்டி?" என்று கேட்டால் இருப்பவர்களைத்தான் சொல்வார். "எத்தனை பெத்தீங்க, எத்தனை நின்னுச்சு?" என்று கேளுங்கள்.

பதிவிலாகாவில் தேடச் சொல்லும்போது பழைய ஏழு இலக்க அடையாள அட்டை எண்ணையும் கொடுங்கள். 12 இலக்க எண் 1990இல்தான் வந்தது, 1984 பத்திரத்தில் அது இருக்காது.

தமிழ் வருஷத்தை அவசரமாக மாற்றுவது

பதிவைவிடப் பல வீடுகளில் கைகொடுப்பது மொய் நோட்டுதான். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் "மன்மத வருஷம் தை மாதம் 15ஆம் தேதி", பிறகு வரிசையாகப் பெயர், தோட்டம், மொய்ப் பணம் வெள்ளி, காசுக் கணக்கில். மன்மத என்றால் 1955 என்று பார்த்துவிட்டு ஜனவரி 1955 என்று எழுதுகிறார்கள். வருஷம் பிறப்பது சித்திரையில். மார்கழியின் பிற்பாதியும் தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே அது 1956 ஜனவரிக் கடைசி. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் 1895, 2015 இரண்டும்கூட மன்மததான். வெள்ளிக் கணக்கையும் ஆட்களையும் வைத்து எது என்று முடிவு செய்யுங்கள். மொய் எழுதியவர்களின் தோட்டப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். தாத்தா வேலை செய்யாத ஒரு தோட்டம் திரும்பத் திரும்ப வந்தால், பெண் வீடு அங்கே இருந்திருக்கலாம்.

ஜப்பான்காரன் காலத்துத் தாளில் 2603 என்று இருந்தால் எழுத்துப் பிழை அல்ல, அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660ஐக் கழியுங்கள்: 1943.

பாட்டியைத் தாத்தா பெயரில் தேடுவது

பாட்டியின் அடையாள அட்டையில் இருப்பது அவருடைய அப்பா பெயர். "ஏ/பி"க்கு (மலாயில் "மகள்" என்பதன் சுருக்கம்) பின்னால் பாருங்கள்.

இன்றைய ஊர்ப் பெயரோடு நின்றுவிடுவது

1982க்கு முந்தைய தாள்களில் தெலுக் இந்தான், தெலுக் அன்சன் என்றுதான் இருக்கும். தோட்டத்துக்குப் பெயர்ப்பலகையில் ஒரு பெயர், நம் ஆட்கள் வாயில் வேறொரு பெயர். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். "எட்டாங்கட்டையில கல்யாணம்" என்று பாட்டி சொன்னால் எந்த ரோட்டில் என்று அப்போதே கேட்டுவிடுங்கள், ஒவ்வொரு ரோட்டிலும் ஓர் எட்டாங்கட்டை (எட்டாவது மைல்கல்) இருக்கிறது.

தோட்ட ஆபீஸைக் கல்யாண ஆபீஸாக நினைப்பது

செக்ரோல் சம்பளப் புத்தகம். கிராணி (தோட்டக் கணக்கர்) அதில் ஆளை வேலைக்குப் பேர் போட்ட நாளைத்தான் எழுதினார், தாலி கட்டிய நாளை அல்ல. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் துண்டாடி விற்ற தோட்டங்களில் அந்தப் புத்தகமும் கிடைப்பது அரிது.

எல்லாரையும் ஒரே கவுண்டரில் தேடுவது

1976 சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. தமிழ் முஸ்லிம் குடும்பமானால் அந்தந்த மாநில இஸ்லாமிய சமய இலாகாவில் கேட்க வேண்டும். கத்தோலிக்கர்களுக்குக் கோயில் பதிவேடு உண்டு, பழையவை லத்தீனில் இருக்கும். கல்யாண ஏட்டில் பெயர் அகப்படாவிட்டால் ஞானஸ்நான ஏட்டைப் பாருங்கள். 1908 முதல், ஞானஸ்நானம் பெற்றவருக்குக் கல்யாணம் ஆனதும் அவர் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. லயத்தில் கூப்பிட்ட பெயரைச் சொன்னால் பங்கு அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, ஞானஸ்நானப் பெயரை வீட்டிலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.