கோடையில் துணைவரின் ஊருக்குப் போகும்போது

பயணச்சீட்டு எடுக்கும் முன்பே, பார்க்க வேண்டிய உறவினர் பட்டியலைத் துணைவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும். மூன்றாவது வீட்டில் அவசரம் முகத்தில் தெரிந்துவிடும், அது அவர்களை வருத்தும். 10 நாள் பயணமென்றால் 3 நாளை உங்கள் இருவருக்கு மட்டும் ஒதுக்கி, தேதியை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லுங்கள். போனபின் சொன்னால் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும்.

உடல் வெயிலுக்குப் பழக 1 முதல் 2 வாரம் ஆகும். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் இதே கணக்குதான்; குளிர்ந்த ஊரில் சில வாரம் இருந்தாலே பழைய தாங்குதிறன் குறைந்துவிடும். ஆகவே முதல் சில நாள் அலைச்சலைக் காலை 10 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ வையுங்கள். பேருந்துத் தடங்களுக்குத் துணைவரின் நினைவை நம்பாதீர்கள், அன்றன்று சரிபாருங்கள்.