செயின் ஸ்ப்ரே அடிக்க மாலைதான் நல்லது

காட்பாடி, ஆற்காடு என்று தினமும் பைக்கில் ஓடுபவர்கள் செயின் ஸ்ப்ரேயைக் காலையில் கிளம்பும்போது அடிக்காதீர்கள். மாலையில் வீடு திரும்பியதும் அடியுங்கள். இளஞ்சூட்டில் இருக்கும் செயினுக்குள் எண்ணெய் நன்றாக இறங்கும், இரவெல்லாம் ஊறும்.

இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி கீழ்ச்செயினின் உள்பக்கம் மெல்லிதாக அடித்தால் போதும். டயரிலும் பிரேக்கிலும் படக்கூடாது, அது ஆபத்து. செயினுக்கும் டயருக்கும் நடுவில் ஓர் அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைப் பழைய துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் பாலாற்று மணலும் புழுதியும் ஒட்டிக் கறுப்புப் பசையாகி ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல்லைத் தின்றுவிடும்.

அப்புறம், டப்பாவை வண்டிப் பெட்டியில் வைக்க வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கலாம். வேலூர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது பெரிய சூடே இல்லை.