பக்கத்து மனையில் உயரக் கட்டடம் வருகிறதா? தெருக்காரர்கள் செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் பக்கத்தில் இருபது மாடி வரப்போகிறது என்ற சேதி வந்ததும் பெரும்பாலான தெருக்களில் ஒரே கதைதான் நடக்கிறது. ஒரு வாட்ஸ்அப் குழு, நாலைந்து நாள் கொதிப்பு, ஒரு பேனர், நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு. அப்புறம் ஒரு நாள் காலையில் மண் தோண்டும் இயந்திரம் வந்து நிற்கும். கோபப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அனுமதி கொடுக்கிற அதிகாரியால் உங்கள் கோபத்தைக் கோப்பில் காரணமாக எழுத முடியாது. எந்த விதி மீறப்படுகிறது, எத்தனை மீட்டர் குறைகிறது, எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் வெயில் போகிறது என்பதைத்தான் அவரால் எழுத முடியும். அதனால் உயரம் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல், அந்த உயரம் யாருக்கு என்ன சேதம் செய்யும் என்று அளந்து காட்டுங்கள்.

முதலில் வரைபடம்

தெருப்பேச்சை வைத்து ஒரு வரிகூட எழுதாதீர்கள். தெருவில் இருபது மாடி என்பார்கள், தாளில் பதினான்கு இருக்கும், மனு அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும். விண்ணப்ப எண்ணைக் கண்டுபிடித்து, மனை வரைபடம், தள வரைபடங்கள், குறுக்குவெட்டு வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை, போக்குவரத்து அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிற நாடு என்றால் அதன் கீழ் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி ஒப்புகையோடு பத்திரமாக வையுங்கள், பின்னால் அதுவே சாட்சியாகும்.

நொய்டாவில் நடந்ததைப் பாருங்கள். ஒரு குடியிருப்பு வளாகத்தில் முதலில் தோட்டமாகக் காட்டப்பட்ட இடத்தில் இரண்டு கோபுரங்கள் எழும்பின. அங்கே குடியிருந்தவர்கள் வரைபடம் கேட்டும் கிடைக்காமல் 2012-ல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014-ல் இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது, 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2022 ஆகஸ்ட் 28 அன்று கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரமான அந்தக் கட்டடங்கள் சில விநாடிகளில் தரைமட்டமாயின. அவர்கள் ஜெயித்தது கட்டடம் ரொம்ப உயரம் என்று சொல்லி அல்ல. கட்டடங்களுக்கு நடுவே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி விடப்படவில்லை, ஏற்கெனவே வீடு வாங்கியவர்களின் சம்மதம் வாங்கப்படவில்லை என்ற இரண்டும்தான் தீர்ப்பில் கனமாக நின்றன. இரண்டுமே தாளில் இருந்து எடுத்துக் காட்டக்கூடிய விஷயங்கள். பத்து வருஷம் ஆயிற்று என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வரைபடம் கைக்கு வந்ததும் உங்கள் பக்கத்து எல்லையில் எத்தனை மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள், மொத்த உயரத்தில் லிஃப்ட் அறையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்திருக்கிறதா, தரைக்குக் கீழே உள்ள தளம் எத்தனை மீட்டர் ஆழம், கார் உள்ளே நுழையும் வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று பாருங்கள். அடுத்து சாலையின் அகலம். பல ஊர்களில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதே முன்னால் உள்ள சாலை எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது, ஆனால் வரைபடத்தில் போட்ட அகலத்தை யாரும் தெருவில் இறங்கிச் சரிபார்ப்பதில்லை. ஒரு நீளமான டேப்பை எடுத்துக்கொண்டு போய், மனைக்கு எதிரே மட்டும் இல்லாமல், பெரிய சாலையில் இருந்து மனை வரைக்கும் எங்கே மிகக் குறுகலாக இருக்கிறதோ அங்கேயும் அளங்கள். டேப்பின் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். தாளில் 12 மீட்டரும் தரையில் 9 மீட்டரும் இருந்தால், ஆயிரம் கையெழுத்தை விட அந்த ஒரு படம் பெரிது.

இன்னொன்றையும் சீக்கிரமே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இடத்தில் அவ்வளவு உயரம் விதிப்படியே கட்டலாமா, அல்லது விதியில் தளர்வு கேட்டிருக்கிறார்களா? விதிப்படி என்றால் கட்டடத்தை நிறுத்துவது அரிது, அதன் வடிவத்தை மாற்றத்தான் பார்க்க முடியும். தளர்வு கேட்டிருந்தால் ஏன் தர வேண்டும் என்று காட்டவேண்டிய பொறுப்பு அவர்களுடையது, உங்கள் முழு பலத்தையும் அங்கே வையுங்கள். ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதி எது என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பொதுவாக 21 நாள்தான் தருகிறார்கள், மற்ற நாடுகளிலும் தாராளமாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

நிழலும் வெயிலும்

நிழல் கணக்கு எளிது, பொறியாளர் வேண்டியதில்லை. ஒரு தளம் ஏறக்குறைய 3 மீட்டர், இருபது தளம் 60 மீட்டர். சூரியன் அடிவானத்தில் இருந்து 45 பாகையில் இருந்தால் நிழலும் 60 மீட்டர். 30 பாகைக்கு இறங்கினால் நிழல் 100 மீட்டரைத் தாண்டிவிடும். காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமும் விழும். வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21, 22-ல் நண்பகல் நிழல் வடக்கே மிக நீளமாகப் போகும். தெருவின் வரைபடத்தை எடுத்து, காலை 9, மதியம் 12, மாலை 3 என்று மூன்று நிழலையும் வரைந்து எந்தெந்த வீட்டின் மேல் விழுகிறது என்று குறியுங்கள். அவர்களின் நிழல் அறிக்கை வெறும் ஜூன் மாதத்துக்கு மட்டும் போட்டிருந்தால், டிசம்பருக்கும் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இதெல்லாம் யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். 1915-ல் நியூயார்க்கில் எக்விட்டபிள் கட்டடம் தெரு விளிம்பில் இருந்தே செங்குத்தாக எழும்பிச் சுற்றுவட்டாரத்தையே இருட்டாக்கியது. அதற்கெதிராகக் கிளம்பிய எதிர்ப்பும் சேர்ந்துதான் 1916-ல் அந்த நகரம், மேலே போகப் போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்று விதி போட்டது. ஜப்பானில் 1976-ல் கட்டட விதியே திருத்தப்பட்டு, குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் பொழுதில் பக்கத்து மனைகளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் நிழல் விழக்கூடாது என்று ஆயிற்று. வெயில் கேட்டுப் போராடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடி முகப்பு என்றால் எதிரொளியையும் பாருங்கள். 2013-ல் லண்டனில் உட்குழிவான கண்ணாடி முகப்பு கொண்ட ஓர் உயரக் கட்டடம் வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கியது. காற்றும் அப்படித்தான், உயரத்தில் மோதும் காற்று சுவரோடு இறங்கி மூலைகளில் வேகமெடுக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2011-ல் அப்படி ஒரு கட்டடத்தின் அடியில் லாரி சாய்ந்து ஒருவர் உயிரே போனது. காற்று ஆய்வு அறிக்கை கேளுங்கள், இல்லை என்றால் இல்லை என்றே மனுவில் எழுதுங்கள்.

தரைக்குக் கீழே

என் பார்வையில் தெருக்காரர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், பின்னால் மிக அதிகமாக அழுவதும் இதற்காகத்தான். எல்லோரும் மேலே பார்க்கிறார்கள், உங்கள் சுவரைப் பிளக்கப்போவது கீழே தோண்டும் குழி. தரைக்குக் கீழே இரண்டு மூன்று தளத்துக்குத் தோண்டும்போது ஊறி வரும் நீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைப்பார்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் இறங்கும், களிமண் நிலம் என்றால் மண் சுருங்கி அமுங்கும். ஒரு பக்கம் அதிகமாக அமுங்கினால் ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக விரிசல் ஓடும். அது பழைய விரிசல் என்று அவர்கள் சொல்வார்கள், பழையதில்லை என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

ஆகவே தோண்ட ஆரம்பிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். வீட்டின் ஒவ்வொரு சுவரையும், உள்ளேயும் வெளியேயும், தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுங்கள், விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அன்றைய தேதியை எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசிவிடலாம், பழைய முறைதான், சுவர் சற்று அசைந்தாலும் கண்ணாடி கீறிவிடும். கிணறோ ஆழ்குழாயோ இருந்தால் நீர்மட்டத்தை வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள். இதைவிட நல்லது, இரு தரப்பும் ஏற்கும் ஒரு பொறியாளரை வைத்துச் சுற்றியுள்ள வீடுகளின் இப்போதைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும், அதன் செலவைக் கட்டுபவர் ஏற்க வேண்டும் என்று அனுமதியிலேயே ஒரு நிபந்தனையாகக் கேட்பது. இதற்கு நியாயமான மறுப்பு எதுவும் சொல்ல முடியாது.

போக்குவரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களின் அறிக்கை எந்தத் தேதியில் வண்டி எண்ணியது என்று பாருங்கள், பள்ளி விடுமுறையாகவோ ஞாயிறாகவோ இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களும் செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், காலையும் மாலையும், கால் மணிக்கு ஒரு முறை எண்ணி எழுதலாம். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா, கழிவுநீர்க் குழாய் அத்தனை வீட்டைத் தாங்குமா என்ற இரண்டையும் அந்தந்தத் துறைக்கே தனியாக எழுதிக் கேளுங்கள்.

மனு எழுதும்போது

ஒரே வாசகத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் பல இடங்களில் அதை ஒரு மனுவாகத்தான் பார்ப்பார்கள். பத்துப் பேர் தங்கள் வீட்டைப் பற்றித் தங்கள் வார்த்தையில் எழுதினால் பத்து மனு. "இந்தக் கட்டடத்தால் எங்கள் பகுதியின் அமைதி கெட்டுவிடும்" என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "வடக்கு எல்லையில் விதிப்படி 7 மீட்டர் விட வேண்டும். வரைபடத்தின் நான்காம் தாளில் 5.2 மீட்டர்தான் காட்டப்பட்டிருக்கிறது. இதனால் டிசம்பரில் எங்கள் வீட்டுக்குக் காலை 9 முதல் மதியம் 2 வரை வெயில் விழாது. இடைவெளியைச் சரிசெய்த திருத்திய வரைபடம் வரும்வரை அனுமதி தரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்." எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், ஆனால் அமைப்பு இதுதான்: விதி, தாள், பாதிப்பு, கோரிக்கை. இப்படி எழுதிய மனுவை ஒதுக்க வேண்டுமென்றால் ஒதுக்குகிறவர் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணம் நாளை நீதிமன்றத்தில் படிக்கப்படும்.

எழுதவே கூடாதவையும் உண்டு. வீட்டு விலை குறைந்துவிடும், என் மாடியில் இருந்து தெரியும் காட்சி மறைந்துவிடும் என்பவை மனதுக்கு வலிதான், ஆனால் இங்கிலாந்தில் திட்ட அனுமதியில் இவற்றைக் காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை, மற்ற ஊர்களிலும் இவை பலவீனமானவை. அதைவிட மோசம், "யார் யாரோ குடிவருவார்கள்" என்று எழுதுவது. அதை யார் எழுதினாலும் குழுவுக்குள்ளேயே நிறுத்திவிடுங்கள். அங்கே வரப்போகிறவர்களும் ஒரு கூரை தேடி வருகிறவர்கள்தான், அவர்கள் மேல் நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. அந்த ஒரு வரி, மற்ற நியாயமான ஐம்பது வரிகளையும் கெடுத்துவிடும்.

பேரம் பேசுவது தோல்வி இல்லை

"வேண்டவே வேண்டாம்" என்று மட்டும் நின்றால் பெரும்பாலும் அனுமதி வந்துவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. தெருக்காரர்கள் கூடி, கட்டாயம் வேண்டியது எது, கிடைத்தால் நல்லது எது என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுங்கள், வெயிலும் தூசியும் அவர்களுக்கும்தான். மனையை ஒட்டிய நாலு வீட்டுக்காரர்கள் பேச்சுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள், ஏனென்றால் அடி அவர்களுக்குத்தான் முதலில். உயரமான பகுதியைப் பெரிய சாலைப் பக்கம் தள்ளுவது, வீடுகள் பக்கம் மேல் தளங்களைப் பின்னுக்கு இழுப்பது, கார் வாசலை மாற்றுவது, நம் படுக்கையறையைப் பார்க்கிற ஜன்னலில் மங்கல் கண்ணாடி போடுவது, இரவில் கான்கிரீட் போடாமல் இருப்பது எல்லாம் பேசி வாங்கக்கூடியவை.

பேசியது எதுவானாலும் அனுமதி ஆணையில் நிபந்தனையாக ஏற வேண்டும். கூட்டத்தில் கை கொடுத்துச் சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை, இடம் கைமாறினால் சொன்னவரே இருக்கமாட்டார். தனியாக யாரும் கட்டுநரைச் சந்திக்க வேண்டாம், குறைந்தது மூன்று பேர் போங்கள், பேசியதை அன்றே எழுதி அவர்களுக்கும் அனுப்புங்கள். சங்கத்துக்கு நன்கொடை தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதை வாங்கிய மறுநாளே தெரு இரண்டாகப் பிளந்துவிடும்.

நீதிமன்றம் போவதென்றால் தாமதிக்காதீர்கள். அஸ்திவாரம் போடும் முன் தடை கேட்பது வேறு, பத்து மாடி எழும்பிய பிறகு கேட்பது வேறு, "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள்" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஒரே வழக்காக, செலவைப் பகிர்ந்து, கட்டடச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை வைத்துப் போடுங்கள்.

அனுமதி கிடைத்து வேலை தொடங்கிவிட்டது என்றாலும் வரைபடத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு தளமும் எழும்போது எண்ணுங்கள், எல்லை இடைவெளியை மறுபடி அளங்கள், வாகனம் நிறுத்த விட்ட தளத்தில் அறை கட்டுகிறார்களா என்று பாருங்கள். மீறல் தெரிந்தால் அதே வாரம் படத்தோடு எழுதுங்கள், நிறைவுச் சான்றிதழ் தரும் முன் அந்தக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். கேரளத்தின் மரடுவில் கடலோர விதியை மீறிய நான்கு குடியிருப்பு வளாகங்களை 2019-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முன்னால் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேறியவர்கள், அங்கே வீடு வாங்கிக் குடியிருந்த குடும்பங்கள்.