30 சதவீதப் பிடித்தம் 15 ஆனது இப்படித்தான்

ஸ்டாக் போட்டோ தளமொன்றில் என் படங்களை விற்கிறேன். திடீரென்று அமெரிக்க விற்பனை ராயல்டியில் 30 சதவீதம் வரி பிடிக்க ஆரம்பித்தார்கள். உதவிக்கு எழுதினால் தானியங்கிப் பதில்தான்.

கணக்கின் வரிப் பக்கத்தைத் திறந்ததும் புரிந்தது: டபிள்யூ-8பென் (W-8BEN) படிவம் காலாவதி. நான் அமெரிக்கர் அல்ல என்று காட்டி வரிச் சலுகை கேட்கும் படிவம் அது. கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் அது செல்லும். ஒரு நினைவூட்டல் மெயில் அனுப்பியிருக்கலாம்!

புதிதாக நிரப்பினேன். வெளிநாட்டு வரி எண் கட்டத்தில் பான் எண். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்துக்கான பகுதியில் இந்தியா, 12-ஆம் பிரிவு, 15 சதவீதம். பெயரைப் பான் கார்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். இனிஷியலை விரிப்பதில்தான் நமக்குச் சிக்கல் வரும்.

அடுத்த பட்டுவாடாவிலேயே பிடித்தம் 15 ஆகிவிட்டது. அப்புறம், படம் வாங்கியவருக்கு ரீஃபண்ட் கொடுத்தால் அதில் என் பங்கை இருப்பிலிருந்துதான் கழிக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் எடுக்காமல் கொஞ்சம் விட்டுவைக்கிறேன்.