ஊசியிலை நாற்றுகளைக் கூன்வண்டுக்குப் பலி கொடுக்காமல் இருக்க

சுவீடனில் ஸ்ப்ரூஸ், பைன் என்ற ஊசியிலை மரக் காடுகளை வெட்டி எடுத்ததும் மறுநடவு தொடங்கிவிடும். வெட்டிய பின் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நடவோ விதைப்போ நடந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதே நேரத்தில் அங்கே வந்து இறங்குகிறது பைன் கூன்வண்டு, ஹைலோபியஸ் அபியெட்டிஸ். ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். எந்தப் பாதுகாப்பும் இல்லாத நடவில் பாதிக்கு மேல் நாற்றுகளைக்கூட அது தீர்த்துவிடும்.

நம் தென்னையில் காயம்பட்ட மரத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வருவது போலத்தான் இதுவும். புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் பிசின் வாடையைப் பிடித்து மே, ஜூனில் பறந்து வரும். கட்டையின் வேர்களில் முட்டையிடும். புழுக்கள் வேர்ப்பட்டைக்கு அடியிலேயே வளர்வதால் நாற்றுக்கு அவற்றால் தொல்லை இல்லை. பக்கத்தில் நட்ட நாற்றின் பட்டையைக் கடித்துத் தின்பது வளர்ந்த வண்டுதான்.

பலர் செய்யும் முதல் தவறு, வாடிய நாற்றைப் பார்த்ததும் வறட்சி என்று முடிவு கட்டுவது. தண்டின் அடியில் படிந்திருக்கும் சருகையும் பாசியையும் விரலால் விலக்கிப் பாருங்கள். பட்டை திட்டுத் திட்டாகச் சுரண்டப்பட்டு, வெளிறிய மரம் தெரியும். ஓரத்தில் பிசின் துளிர்த்திருக்கும். அந்தத் திட்டுகள் ஒன்று சேர்ந்து தண்டைச் சுற்றி வளையமாகிவிட்டால் நாற்று பிழைக்காது. ஆனால் ஊசியிலைகள் இன்னும் சில வாரங்கள் பச்சையாகவே இருக்கும். தூரத்தில் நின்று பார்த்து ‘நன்றாகப் பிடித்துவிட்டது’ என்று எழுதிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, நடும் இடத்தைப் பற்றிக் கவலைப்படாதது. மேலே கிடக்கும் மட்கு அடுக்கை நீக்கிவிட்டு, அடியில் இருக்கும் வெறும் மண்ணில் நட்டால் சேதம் வெகுவாகக் குறைகிறது. வெறும் மண்ணில் வண்டு நிற்பதில்லை, வேகமாகக் கடந்து போய்விடும். மட்கும் சருகும் இருந்தால் ஒளிந்துகொண்டு நிதானமாகத் தின்னும். மட்கை நீக்க இயந்திரத்தால் நிலத்தைக் கீறி வைத்துவிட்டு, நடுபவர் வசதிக்காக நாற்றை அந்தக் கீறலின் ஓரத்தில், மட்கை ஒட்டி வைத்துவிட்டால் கீறியதற்கே பலன் இல்லை. நாற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 10 சென்டிமீட்டர் வெறும் மண் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதாது. புல் மூடிவிட்டாலும் பழைய கதைதான்.

அடுத்தது, தண்டில் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறதே என்ற தைரியம். முன்பு பெர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளில் நனைத்து நட்டார்கள். இப்போது சுவீடனில் தண்டின் அடிப்பகுதியில் நுண்மணல் கலந்த பசையையோ மெழுகையோ நாற்றங்காலிலேயே பூசி அனுப்புகிறார்கள். கான்னிஃப்ளெக்ஸ் என்ற பூச்சில் இருக்கும் மணல் சுமார் 0.2 மில்லிமீட்டர், வண்டால் அதைக் கடித்து உள்ளே போக முடியாது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பூசிய இடத்தைத்தான் அது காக்கும். பெட்டியில் அழுத்தி, வளைத்து, உரசிக் கொண்டு வந்தால் பூச்சு உரியும். வண்டு பெருகிக் கிடக்கும் இடத்தில் பூச்சுக்கு மேலே ஏறியும் தின்னும். நிலத்தைக் கீறாமல் பூச்சை மட்டும் நம்புவது அரை வேலை.

விலை குறைவு என்று பென்சிலைவிட மெல்லிய நாற்றை வாங்குவதும் இதே கணக்கு. தண்டின் அடி 10 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் சில கடிகளைத் தாங்கிப் பிழைத்துவிடும். அத்தனை பருமன் கிடைக்காவிட்டாலும், கிடைப்பதில் தடித்ததை எடுங்கள்.

சரி, ஓராண்டு சும்மா விட்டுவிட்டு நட்டால்? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் கோடையில் இட்ட முட்டைகள் தென் சுவீடனில் அடுத்த ஆண்டுக் கோடைக் கடைசியிலேயே புது வண்டுகளாக வெளிவரும். குளிர் கூடிய வடக்கே இன்னும் தாமதமாகும். அவை பசியோடு வரும் நேரத்தில் உங்கள் நாற்று அங்கே நின்றுகொண்டிருக்கும். பிரிட்டனில் நான்கைந்து ஆண்டுகள்கூடத் தரிசாக விடுவது உண்டு, ஆனால் அதற்குள் களை ஏறிவிடும்.

இதே காரணத்தால்தான் செத்த நாற்றுகளுக்குப் பதிலாகப் புதியவற்றை நட்டு இடைவெளி நிரப்பும்போதும் பலர் சறுக்குகிறார்கள். வண்டு வந்து போய்விட்டது என்று நினைத்து, இரண்டாம் ஆண்டில் பூச்சில்லாத நாற்றைச் செத்ததன் குழியிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்தக் குழியைச் சுற்றி அதற்குள் புல்லும் மட்கும் சேர்ந்திருக்கும். புதிதாக மண்ணைத் திறந்து, பூச்சுள்ள நாற்றையே அங்கும் நடுங்கள்.