கோடை வாசிப்புக்கு நாவலை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் படிப்பது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் கோடை விடுமுறைக்கு முன்பே ஆங்கில ஆசிரியர் நாவல் பட்டியலைக் கொடுத்துவிடுவார், அதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால், முதல் பத்துப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா, தயங்காமல் அடுத்ததுக்குப் போங்கள்.

நாவல் படித்தே பழக்கமில்லையா? எலிசபெத் அசெவெடோவின் 'தி பொயட் எக்ஸ்' (2018) முழுக்கக் கவிதையாகவே எழுதப்பட்டது, ஒரு பக்கத்தில் சொற்கள் குறைவுதான், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளரும் ஒரு பெண் தன் அம்மாவிடம் சொல்ல முடியாததையெல்லாம் நோட்டில் எழுதுகிற கதை, எடுத்தால் வைக்க மனசு வராது. பழைய நாவல்தான் வேண்டுமென்றால் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967இல் அது வெளிவந்தபோது அதை எழுதிய எஸ். ஈ. ஹின்டனுக்கு வயது 18தான், அந்த வயசுக் கோபம் அதில் அப்படியே இருக்கிறது.

சரி, குறிப்பு எடுப்பது எப்படி? பக்கத்துக்குப் பக்கம் கோடு போடாதீர்கள், கதை செத்துவிடும். ஒரு பாத்திரம் மனம் மாறுகிற இடத்தில் மட்டும் ஒட்டுத்தாள் வைத்து, ஏன் மாறினாள் என்று ஒரு வரி எழுதுங்கள். பள்ளி திறந்ததும் கட்டுரை கேட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

அப்புறம், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஊர் நூலக அட்டை இருந்தால், அந்த நூலகம் லிப்பி செயலியில் இருக்கும்பட்சத்தில் மின்னூலும் ஒலிநூலும் இலவசம். காத்திருப்போர் வரிசை நீளும், இன்றே பதிந்து வையுங்கள்.