பனிக்கு ஆல் டெரெய்ன் டயரா? மலைச் சின்னத்தைப் பாருங்கள்

எஸ்யூவிக்கு ஆல் டெரெய்ன் டயர் (சாலை, மண், சேறு எல்லாவற்றுக்குமான டயர்) வாங்கும்போது முதலில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இந்தச் சின்னம் இருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறிய டயர். ‘எம்+எஸ்’ (சேறு, பனி) என்ற எழுத்து மட்டும் போதாது, அது டயரின் மேலுள்ள பள்ளங்களின் அமைப்பைத்தான் சொல்லும். ஒரே மாடலிலும் சில அளவுகளில் மலைச் சின்னம் இருக்காது. ஆகவே உங்கள் அளவு டயரையே கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பனியைக் கவ்வுவது அவைதான். பெரிய கட்டைகளோடு முரட்டுத்தனமாக இருக்கும் டயர் சேற்றுக்கு நல்லது, இறுகிய பனியில் வழுக்கும்.

ஆனால் மலைச் சின்னத்துக்கான சோதனை பனியில் கிடைக்கும் இழுவைக்குத்தான். கண்ணாடிபோல் உறைந்த சாலையில் பிரேக் பிடிப்பதற்கு அதை நம்பாதீர்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம், மலைச் சின்னமுள்ள ஆல் டெரெய்னும் அதில் சேரும். அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண மலைச்சாலைகளில் ‘எம்+எஸ்’ டயருக்கும் அனுமதி உண்டு, பள்ளத்தின் ஆழம் குறைந்தது 3.5 மி.மீ. இருக்க வேண்டும். நானாக இருந்தால் அங்கேயும் மலைச் சின்னத்தையே வாங்குவேன், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து.